நல்லபடியாச் சொல்லு

"உங்க தொண்டையைக் கர்த்தரே அடைச்சு வெச்சிருக்காரு. நீங்க அதைத் திறந்துவிடாதீங்க," என்றாள் தாச்சிவா.

தலைவரின் சபைக்குக் கணவர் உடுத்திப் போகும் துணி அவள் மடியில் கிடந்தது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. ஆனால் அவள் துணியைத் தேய்க்கவில்லை. யாரோ பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

முற்றத்து முக்காலியில் உட்கார்ந்திருந்த ஒபிரி பதில் சொல்ல வாயெடுத்தார். அடைகாக்கும் கோழி சீறுவதுபோல ஒரு சத்தம்தான் வந்தது.

"பாத்தீங்களா? சாமியே வேணாம்னு சொல்லுது."

அவர் சிரிக்கப் பார்த்து இருமினார். "நான் போகலைன்னா இன்னொருத்தன் சொல்லுவான், தாச்சிவா."

"சொல்லட்டும். அந்தப் பாவம் அவன் வாயோட போகட்டும். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியோட தோட்டத்தைப் பிடுங்குற வார்த்தை என் புருஷன் வாயில இருந்து வர வேணாம்."

அசுக்ரோமில் தலைவர் ஊரோடு நேரே பேசுவதில்லை. ஊரும் தலைவரோடு நேரே பேசுவதில்லை. நடுவே உரைகாரர் இருந்தார். தலைவர் அவர் காதில் முணுமுணுப்பார். உரைகாரர் பொன்முலாம் பூசிய கோலை ஊன்றி எழுந்து அதை ஊருக்குச் சொல்வார். அவர் சொல்லும்வரை அது தலைவரின் வார்த்தை இல்லை. சொன்ன பிறகு அதைத் தலைவராலும் திரும்ப எடுக்க முடியாது. தலைவர் அமோவா அரியணையில் அமர்ந்த நாளிலிருந்து அந்தக் கோல் ஒபிரியின் கையில் இருந்தது.

அமோவா அதற்கு முன் தலைநகர் அக்ராவில் ஒரு பெரிய அலுவலகத்தில் கணக்கராக இருந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, அவசரக்காரர். நீட்டிப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. வழக்கு சொல்ல வந்த கிழவர் இழுத்தால், "இந்த ஆளு போன வருஷமும் இதையேதான் அழுதான், போகச் சொல்லு," என்று முணுமுணுப்பார். ஒபிரி எழுந்து, "மழை ஒரே வயலுக்கு இரண்டு தரம் வழி கேட்பதில்லை. பெரியவரின் குறை தலைவரின் நெஞ்சில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது, அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்," என்பார். கிழவர் மனம் குளிர்ந்து போவார். தலைவரின் வாயில் தேன் வடிகிறது என்று அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் பேசிக்கொண்டன. நாளாக ஆக, அந்தத் தேன் தன்னுடையதுதான் என்று அமோவாவும் நம்பிவிட்டார்.

இப்போது மன்சாவின் வழக்கு வந்திருந்தது.

அவள் கணவன் போவாச்சி போன மழைக்காலத்தில் இறந்துபோனான். அந்த ஊரில் சொத்து தாய்வழியில் போகிறது. ஆண் செத்தால் அவன் உடன்பிறந்தான், இல்லாவிட்டால் அக்காள் மகன். மனைவியும் மக்களும் வேறு ரத்தம். போவாச்சியின் அக்காள் மகன் செஃபா, மன்சாவின் துக்கத்துக் கறுப்புத் துணி வெளுப்பதற்குள், அவர்கள் தோட்டத்தில் கோகோ காயவைக்கும் களத்துக் கொட்டகையில் தன் பூட்டைத் தொங்கவிட்டான்.

இதற்கு நாட்டில் சட்டம் இருக்கத்தான் செய்தது. ஒருவன் தன் உழைப்பால் உண்டாக்கியதில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்று அது சொன்னது. ஆனால் குடும்ப நிலத்தை அது தொடாது. மன்சா மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனாள். தோட்டம் போவாச்சி உண்டாக்கியதா, குடும்ப நிலமா என்று நீதிபதி கேட்டார். அது எங்கே எழுதியிருக்கிறது? தலைவரைத்தான் கேட்க வேண்டும். சட்டம் நாட்டினுடையது, அதன் சாவி தலைவரின் இடுப்பில் இருந்தது. தலைவர் சபையில் சொல்வதைக் குறித்துக்கொண்டு போக இன்று நீதிமன்றத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார்.

தலைவர் என்ன சொல்லப் போகிறார் என்பது ஒபிரிக்கு நேற்றே தெரிந்துவிட்டது. மந்திரியின் மைத்துனர் ஒருவருக்கு அந்தத் தோட்டத்து ஓடைக்கரை வேண்டும், தங்கம் தோண்ட. செஃபா கொடுக்கத் தயார். பதிலுக்கு ஊருக்குத் தார் ரோடு.

"ஒரு பொம்பளைக்கு ஒரு தோட்டம். ஊருக்கு ஒரு ரோடு. நீயே கணக்குப் போட்டுக்கோ, ஒபிரி," என்றிருந்தார் தலைவர்.

ஒபிரிக்கு அந்தக் கணக்கு வரவில்லை. போவாச்சியும் மன்சாவும் அந்தக் காட்டை வெட்டியபோது முதல் நாள் பூசைக்கு முன்னோரை அழைத்துத் தரையில் ஜின் சாராயம் ஊற்றியவரே அவர்தான். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, ஓடையிலிருந்து ஒவ்வொரு கன்றுக்கும் மன்சா தண்ணீர் சுமந்ததை அவர் கண் பார்த்திருக்கிறது. ஆனால் கோல் பிடித்தவனுக்குச் சொந்த வாய் கிடையாது. அவர் சாட்சி சொல்ல முடியாது. தலைவர் சொன்னதை மாற்றிச் சொல்லவும் முடியாது. 'உங்கள் சொல்லில் என் சொல்லைக் கலக்க மாட்டேன்' என்று கோலை வாங்கிய நாளில் சத்தியம் செய்தவர். அந்தச் சத்தியத்தை மீறியவன் வீட்டில் விளக்கு எரியாது என்பார்கள்.

"இன்னிக்கு மன்சா," என்றாள் தாச்சிவா. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "நாளைக்கு நீங்க கண்ணை மூடினா? நம்ம தோட்டத்துல நான் நடாத மரம் ஒண்ணு காட்டுங்க பாப்போம். உங்க அக்கா மகன் ஒட்டூம் கிறிஸ்மஸுக்கு வரும்போதெல்லாம் மரத்தைத் தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போறான், சந்தையில ஆட்டை அமுக்கிப் பாக்குற மாதிரி. அன்னிக்கு எனக்கு யாருங்க வாய்?"

ஒபிரி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது வேலிப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. கறுப்புத் துணியில் மன்சா நின்றிருந்தாள். கையில் மூடி போட்ட ஒரு குவளை.

"ராத்திரியெல்லாம் அண்ணே இருமுறது கேட்டுச்சு. இஞ்சி தட்டிப் போட்டுக் காய்ச்சுனேன். கொஞ்சம் தேனும் விட்டிருக்கேன்."

தாச்சிவா மடியிலிருந்த துணியோடு எழுந்துவிட்டாள். "ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அந்தத் தொண்டை திறந்தா உன் கழுத்துக்குத்தாண்டி கத்தி! எல்லாந் தெரிஞ்சுதானே வந்திருக்க?"

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுமா?"

"தொண்டை வலிக்குமில்ல?" என்றாள் மன்சா, அதற்கு மேல் என்ன இருக்கிறது என்பதுபோல. "வீட்டுக்காரர் கடைசியில தண்ணிகூட விழுங்க முடியாம கெடந்தாரு. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு இருப்புக் கொள்ள மாட்டேங்குது. குடிங்க அண்ணே. எனக்காக நீங்க ஒண்ணும் பேச வேணாம். உங்களால பேச முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

குவளையை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

இஞ்சி காரமாக இருந்தது. இறங்க இறங்கத் தொண்டை இளகியது. கடைசி மடக்கு முடிந்தபோது ஒபிரிக்குத் தன் குரல் திரும்பிவிட்டது தெரிந்தது. ஒளிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே மறைவும் அந்தக் குவளையோடு போயிற்று.

தாச்சிவா துணியை விரித்துத் தேய்த்தாள். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் தேய்த்தாள். பிறகு மூலையில் சாத்தியிருந்த கோலை எடுத்து வந்தாள். அதன் உச்சியில், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆட்களின் உருவம். சாப்பாடு உடையவனுக்குத்தான், பசித்தவனுக்கு இல்லை என்பது அதன் பொருள். அரியணை யாருக்கு உரியதோ அவருக்கே, ஆசைப்பட்டவனுக்கு இல்லை என்று தலைவர்கள் அதைப் பெருமையாகக் காட்டுவார்கள்.

அந்த இரண்டு பொன் உருவங்களையும் முந்தானையால் துடைத்தாள். "இது கோகோவுக்கும் பொருந்துமான்னு உங்க தலைவரைக் கேளுங்க," என்று சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.

அரண்மனைக்குப் போகும் வழியில் சிற்றாலயம் இருந்தது. ஜின் ஊற்றி முன்னோரை அழைக்கிறவர் என்பதால் அங்கே அவருக்கு நற்கருணை கிடையாது. ஆனாலும் ஞாயிறுதோறும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவார். இன்று கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்று, "இந்த வாயை வெச்சு நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். தொண்டையில் இஞ்சியின் சூடு மட்டும் இருந்தது.

அரண்மனை முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. பெரிய குடையின் கீழ் அமோவா அமர்ந்திருந்தார். கால்கள் தரையில் படாமல் தோற்செருப்பில். ஒரு பக்கம் மூப்பர்கள். நடுவே, நீதிமன்றத்திலிருந்து வந்த பதிவாளர் அடோமாக்கோ அம்மாள், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். செஃபா புதுத் துணி உடுத்தி முன் வரிசையில் இருந்தான்.

"என்னடா செஃபா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்திருக்க? மாமனை இன்னொரு தரம் புதைக்கப் போறியா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு மீன்காரி கேட்டாள். நாலு பேர் சிரித்தார்கள்.

"உன் கருவாட்டு நாத்தத்தை விடவா?" என்றான் அவன். சிரிப்பு அவன் பக்கம் வரவில்லை.

மன்சா தலைவருக்கு மரியாதையாகத் தோளிலிருந்து துணியை இறக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். தன் குறையை ஒபிரியிடம் சொன்னாள். ஒபிரி தலைவரிடம் சொன்னார். அவள் சொன்னது கொஞ்சம்தான். "காட்டை ரெண்டு பேருமா வெட்டினோம். அவரு போயிட்டாரு. மரம் இருக்கு. அதைத்தான் கேக்குறேன்."

பதிவாளர் பேனாவைத் திறந்தார்.

ஒபிரி தலைவரின் பக்கம் குனிந்தார். என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 'குடும்ப நிலம்' என்ற அந்த இரண்டு சொற்களைச் சுற்றி அழகாகப் பின்னக்கூடிய பழமொழிகள்கூட அவர் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டன. பல வருஷப் பழக்கம். அது அவருக்கே அருவருப்பாக இருந்தது. தலைவர் மனம் மாற ஒரு வாசலைத் திறந்து வைக்கலாம் என்று தோன்றியது.

"அய்யா, அந்தக் காட்டுக்கு ஜின் ஊத்துனது நாந்தான். உங்க வார்த்தை என்னன்னு இன்னொரு தரம் சொல்லுங்க," என்றார் மெதுவாக.

அமோவாவின் முகம் சுளித்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மந்திரியின் ஆட்கள் வருகிறார்கள். சால்வையால் வாயை மறைத்துக்கொண்டு கடுகடுவென்று முணுமுணுத்தார்.

"நேத்தே சொன்னேன்ல? அது அவளும் அவ புருஷனும் உண்டாக்குன தோட்டம்னு இந்த ஊர்ல நாய்க்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? மந்திரிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். குடும்ப நிலம்னு சொல்லித் தொலை. ரொம்ப அழுதாள்னா ஒரு மூட்டை அரிசி குடுத்து அனுப்பு. நல்லபடியாச் சொல்லு."

ஒபிரி நிமிர்ந்தார். கோலை ஊன்றினார். அந்த நேரத்தில்தான் அவருக்கு ஒன்று விளங்கியது. தலைவரின் சொல்லில் தன் சொல்லைக் கலக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, இத்தனை வருஷமாக ஒவ்வொரு நாளும் கலந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அதைப் பாவம் என்று யாரும் சொன்னதில்லை. திறமை என்றார்கள்.

இன்று கலக்கவில்லை.

"ஊராரே, கேளுங்கள். தலைவர் சொல்கிறார்," என்றார். இஞ்சி இளக்கிய குரல் கடைசி வரிசைவரை தெளிவாகப் போயிற்று. "அது அவளும் அவ புருஷனும் உண்டாக்குன தோட்டம்னு இந்த ஊர்ல நாய்க்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? மந்திரிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். குடும்ப நிலம்னு சொல்லித் தொலை. ரொம்ப அழுதாள்னா ஒரு மூட்டை அரிசி குடுத்து அனுப்பு." மூச்சு வாங்கிக்கொண்டார். "நல்லபடியாச் சொல்லு, என்கிறார்."

தலைவருக்கு மேலே குடை ஒருமுறை ஆடியது. மற்றபடி எதுவும் அசையவில்லை.

அமோவாவின் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. எதுவும் வெளியே வரவில்லை; வரக் கூடாது. ஊர் முன்னால் தலைவர் தன் வாயால் பேசுவது செருப்பில்லாமல் தரையில் கால் வைப்பதைப் போன்றது. அப்படிச் செய்த கணமே அவர் பதவி போய்விடும். ஊரில் பிறந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். அவர் வாயும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது, கோலை ஊன்றிக்கொண்டு.

பதிவாளர் அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் வெளியூர்க்காரி. "உரைகாரரய்யா, மன்னிக்கணும். இது தலைவரோட வார்த்தைதானான்னு ஒரு தரம் அவரைக் கேட்டுச் சொல்றீங்களா?"

ஒபிரி குனிந்து கேட்டார். தலைவர் சொன்னார். ஒபிரி நிமிர்ந்தார்.

"'உன் நாக்கு அழுகிப் போகட்டும்' என்கிறார் தலைவர்."

மீன்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு முற்றம் முழுவதும் பரவியது. ஆனால் நெடுநேரம் நிற்கவில்லை. மன்சா தரையில் உட்கார்ந்து முகத்தை மூடி அழுதுகொண்டிருப்பதைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். அவள் கணவன் செத்த நாளிலிருந்து, அவள் உண்டாக்கிய தோட்டத்தை அவளுடையது என்று உரக்கச் சொன்ன முதல் வாய் அது.

பதிவாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், அரிசி மூட்டை உட்பட.

மறுவாரம் ஒபிரியிடமிருந்து கோல் வாங்கப்பட்டது. ஒரு ஆட்டுக்கடாவும் ஜின்னும் அபராதம். அவர் பொய் சொன்னார் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. அதுதான் மூப்பர்களுக்குச் சங்கடமாக இருந்தது. தலைவர் சொன்னதைத் தலைவர் சொன்னபடியே சொன்னார் என்பதைக் குற்றமாக எப்படிச் சொல்வது? புதிய உரைகாரர் வெகு திறமைசாலி. "நிழல் தரும் மரம் களைத்தவனைப் பார்த்து, போதும் மகனே, உட்கார் என்கிறது. தலைவர் தம் கருணையால் ஒபிரிக்கு ஓய்வு அளிக்கிறார்," என்று அவர் சொன்னபோது, ஒபிரியே 'நன்றாகத்தான் சொல்கிறான்' என்று நினைத்துக்கொண்டார்.

நீதிபதி அந்தக் குறிப்பைப் படித்தார். தலைவர் 'குடும்ப நிலம்' என்றும் சொல்லியிருக்கிறார், 'அவர்கள் உண்டாக்கியது' என்றும் சொல்லியிருக்கிறார். மரபு விஷயம், ஆகவே மாகாணத் தலைவர்கள் சபையின் கருத்தைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று வழக்கைத் தள்ளிவைத்தார். அரசாங்கமே அமைத்த அந்தச் சபையில், விதவைகளின் சொத்து பற்றி ஆராய ஒரு குழு உண்டு. அதன் உறுப்பினர்கள் எல்லாரும் ஆண்கள். அதன் தலைவர் அமோவா.

அந்தக் கருத்து இன்னும் வரவில்லை. தோட்டம் மன்சாவுடையது என்று எழுதித் தர யாரும் இல்லை. ஆனால் செஃபாவின் பூட்டை ஒருநாள் காலை யாரோ கழற்றி ஓடையில் போட்டுவிட்டார்கள். அவன் மறுபடி பூட்ட வரவில்லை. தெருவில் நடந்தால் குழந்தைகள்கூட அவன் பின்னால், "நல்லபடியாச் சொல்லு, நல்லபடியாச் சொல்லு," என்று பாடின. ரோடும் வரவில்லை.

கிறிஸ்மஸுக்கு ஒட்டூம் வந்தான். குமாசி நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன், வாட்டசாட்டமான ஆள். ஒபிரி அவனையும் பக்கத்து வீட்டார் சிலரையும் முற்றத்துக்கு அழைத்து உட்காரவைத்தார். தாச்சிவாவை எதிரே உட்காரச் சொன்னார். பிறகு எழுந்து நின்றார். கை பழக்கத்தால் கோலைத் தேடியது. அது இல்லை. வாய் ஒரு பழமொழியைத் தேடியது. ஊரார் சொல்லுக்கெல்லாம் அணி பூட்டிய அவருக்கு, தன் சொல்லுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"தோட்டத்துல பாதி அவளோடது," என்றார். "எப்பவுமே அவளோடதுதான். உயிரோட இருக்கும்போதே, உங்க முன்னாடி குடுக்குறேன்."

சாட்சிகள் முன்னால் கொடுத்து, வாங்கியவர் நன்றிக்கு ஊற்றுவதைச் சாட்சிகள் குடித்துவிட்டால், அந்தக் கொடையை எந்தத் தலைவனும் கலைக்க முடியாது. அதுவும் அந்த ஊர் மரபுதான். ஆனால் வாரிசான அக்காள் மகனும் குடிக்க வேண்டும். தாச்சிவா திருச்சபைப் பெண். வீட்டில் ஜின் வாங்க மாட்டாள். வேலிக்கு அப்பாலிருந்து மன்சா காய்ச்சிக் கொண்டுவந்த இஞ்சிக் கஷாயத்தைத்தான் குவளைகளில் ஊற்றினாள்.

எல்லாரும் குடித்தார்கள். ஒட்டூம் மட்டும் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு மாமனைப் பார்த்தான். பிறகு வேலிக்கு மேலே தெரிந்த கோகோ மரங்களைப் பார்த்தான். தாச்சிவா தன் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அப்பா போனப்புறம் எங்கம்மாவும் அவரோட தோட்டத்துல இருந்து வெறுங்கையோடதான் வந்தாங்க, மாமா," என்றான் ஒட்டூம். "அதை எனக்கு யாரும் நல்லபடியாச் சொல்லல."

குவளையை உயர்த்தினான். காரம் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொள்ளாமல் கடைசிவரை குடித்தான்.